ஓடிய அக்காவும் கொட்டிய முடியும்

போன வாரம் என் மகள் சீப்பைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சீப்பு முழுக்க முடி.

"இனிமே நான் கபடி ஆடப் போவல. ஓடி ஓடித்தான் முடி கொட்டுதாம். ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

பள்ளிக்கூட அணியில் அவளைச் சேர்த்து இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. விடிவதற்கு முன்னே எழுந்து மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளை. அந்தச் சீப்பைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊரில் பீங்கான் பொம்மை செய்கிற செராமிக் எஸ்டேட்டில் என்னோடு பொம்மை வார்த்த ஒரு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. மகளை உட்காரவைத்து அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக்கொண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை அறிந்துகொள்ள முதலில் அவர் டீ குடிக்கிற விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்டேட் வாசலில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். வளைகுடா நாட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். டீ சரியில்லை என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? தண்ணியா இருக்குது, இனிப்புத் தூக்கலா இருக்குது, பால் காயவே இல்லை என்று மொத்தமாகக் குறை சொல்வோம். பாயும் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுத் தருவார். அது வேறு விதமாகக் கெட்டுப்போயிருக்கும்.

அக்கா அப்படிச் செய்ய மாட்டார். "இன்னிக்குச் சர்க்கரைய மட்டும் கொறைங்க பாய். மத்ததெல்லாம் நேத்து மாதிரியே இருக்கட்டும்" என்பார். மறுநாள் டிகாஷனை மட்டும் மாற்றச் சொல்வார். அதற்கு அடுத்த நாள் பாலை. பாய் தன் தலையில் கை வைத்துக்கொள்வார். அந்தத் தலையில் ஒரு முடியும் கிடையாது. அதற்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன். கடைசியில் அக்காவின் டீ எப்படி இருந்தது என்றால், மற்றவர்களும் "அக்கா டீ ஒண்ணு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாயும் எல்லாருக்கும் அதையே போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ண மாத்து. மத்ததச் சும்மா வுடு." இதுதான் அக்கா எப்போதும் சொல்வது. டீயானாலும் சரி, பொம்மையானாலும் சரி.

எங்கள் வேலை இதுதான். மாவாக அரைத்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி அச்சில் ஊற்றுவோம். அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது, இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் பொருத்தி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டுவோம். சற்று நேரத்தில் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே பொம்மை கெட்டியாகிவிடும். ரப்பரை அவிழ்த்து, அச்சைப் பிரித்து, பொம்மையை எடுத்துப் பலகையில் காயவைப்போம். காய்ந்ததும் பிசிறு தேய்த்துச் சூளைக்கு அனுப்புவோம்.

ஒரு சமயம் வரிசையாக எல்லாப் பொம்மைகளுக்கும் கழுத்தில் விரிசல் விட்டது. செட்டியார் பொம்மைக்கும் விரிசல், செட்டியாரம்மா பொம்மைக்கும் விரிசல். மண் சரியில்லை என்று ஒருவர், அச்சு தேய்ந்துவிட்டது என்று ஒருவர், சூளைக்காரர் அவசரப்பட்டுவிட்டார் என்று ஒருவர். சூளைக்காரர் எங்கள் எல்லாரையும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்த்துவிடலாம் என்று முதலாளி கிளம்பினார். அக்கா தடுத்தார். முதலில் குழம்பின் பதத்தை மட்டும் மாற்றினார். விரிசல் நிற்கவில்லை. பிறகு அச்சுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. "நீ சொல்றதும் வெளங்கலியே" என்று சூளைக்காரர் சிரித்தார். அக்காவும் கூடச் சிரித்துவிட்டு, காயவைக்கிற பலகைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தினார். விரிசல் நின்றுவிட்டது. காற்று ஒரு பக்கமாக அடித்து ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. பொம்மைகளின் கழுத்து பிழைத்தது. அந்தக் கோடை முழுக்க நாங்கள்தான் வேர்வையில் ஊறினோம்.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவின் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவர். அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க அக்கா ஒரு வாரம் புளியை நிறுத்தினார். ஒரு வாரம் வெற்றிலையை நிறுத்தினார். "இவ கண்டுபுடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று அம்மா பூ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். வெறும் வயிற்றில் குடிக்கும் காப்பிதான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. அதற்குப் பிறகு அம்மா வீட்டில் காப்பி குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் குடித்துக்கொண்டார். அது அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

அந்த அம்மாவின் பூக்கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அக்காவின் பின்னல்தான் பலகை. இடுப்புக்குக் கீழே தொங்கும். வேலைக்குப் போகிற வழியில் அக்கா கடை முன்னால் நிற்பார். அம்மா அந்தப் பின்னலில் அன்றைக்குக் கட்டிய மல்லிகையை வைத்துப் பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் பூ கேட்பார்கள். அக்கா குழந்தையாக இருந்ததிலிருந்து அந்த முடிக்கு எண்ணெய் வைத்து வளர்த்தவர் அம்மா. ஆகவே அது அக்காவின் தலையில் இருந்தாலும் அம்மாவின் முடி என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் போலீஸில் சேர வேண்டும் என்று ஆசை. எழுத்துப் பரீட்சை எழுதித் தேறிவிட்டார். அடுத்தது ஓட்டம். அதிலும் தேற வேண்டும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவருக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது. ஆடி மாதம் ஆரம்பித்து, தினமும் விடியற்காலையில் தன் தம்பியின் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு காலேஜ் மைதானத்தில் ஓடினார். உடம்பு லேசாக இருந்தால்தான் வேகம் வரும் என்று யாரோ சொல்ல, இரவுச் சோற்றை விட்டுவிட்டார். காலையில் ஓட்டம் முடிந்ததும் நேரே வேலைக்கு வந்துவிடுவார். வயிற்றுக்குப் பாய் கடை டீதான். ஓடும்போது பின்னல் முதுகில் அடிக்கிறது என்று சுருட்டிக் கொண்டை போட்டார். கடையில் விற்கிற ரப்பர் வளையம் எதுவும் அந்தக் கொண்டைக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் அச்சைக் கட்டுகிற டியூப் ரப்பரை எடுத்துப் போய்க் கட்டினார். அசையவே இல்லை. "ஒரு தரம் கட்னா நாமளா அவுத்தாதான் உண்டு" என்று பெருமையாகக் காட்டினார்.

ஐப்பசி வாக்கில் முடி கொட்டத் தொடங்கியது. சும்மா இல்லை. சீப்பில், தலையணையில், குளிக்கிற இடத்தில் என்று எங்கே பார்த்தாலும் முடி. பின்னல் எலிவால் மாதிரி மெலிந்தது.

எங்கள் ஷெட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். சூளையை அளவுக்கு மேல் எரித்தால் பூச்சு பொரிந்துவிடும், அதே மாதிரி ஓடி ஓடி உடம்பு சூடானால் தலைமுடி உதிரும் என்றார் சூளைக்காரர். குதிக்கிற குதியில் வேர் ஆடிப்போகும் என்று பிசிறு தேய்க்கிற பெண் சொன்னார். வேர்வை உப்பு வேரை அரித்துவிடும் என்று நான் சொன்னேன். எல்லாருடைய பேச்சும் ஓட்டத்தில் போய்த்தான் நின்றது. பாய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினது கெடையாது. போற பஸ்ஸு போவட்டும், அடுத்தது வரும்னு நிப்பேன். அப்புறம் என் தலைக்கு என்னா கேடு வந்துச்சி?" என்று கேட்டார்.

"அது உங்க குடும்பத்து வாகு பாய்" என்றார் சூளைக்காரர்.

"அதத்தான் நானும் சொல்றேன். எங்க அத்தா தல, எங்க அண்ணன் தல, எல்லாம் இப்படித்தான். ஒருத்தரும் ஓடல."

அக்கா டீயை ஊதிக்கொண்டே கேட்டார். பிறகு, "பாய் ஓடல, முடி போச்சி. கிரவுண்டுல என்கூட ஒரு ரிடையர்டு வாத்தியார் ஓடறாரு. அவருக்குத் தல நெறைய முடி. அவங்க தல அவங்களோட. நான் என் தலையிலதான் பாக்கணும்" என்றார்.

ஓட்டத்தை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"நிறுத்துனா இதுவரைக்கும் ஓடுன ஓட்டமும் போயிடும் தம்பி. அத மட்டும் தொட மாட்டேன். மத்தத ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கறேன்" என்றார்.

ஆனால் அவருக்கு நேரம் இருக்கவில்லை. பெண்ணாடத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. ஓட்டத் தேர்வு மாசியில். அம்மா ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க, அக்காவின் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே பூ வைப்பது என்று கேட்டாராம். அழுதும்விட்டாராம். பொங்கலுக்குள் முடி கொட்டுவது நிற்கவில்லை என்றால் ஓட்டம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.  அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். 

முதல் துப்புச் சூளையிலிருந்து வந்தது. ஒரு பொம்மையின் முதுகில் மெல்லியதாக ஒரு கோடு. சூளைக்காரர் விரிசல் என்று ஒதுக்கிவைத்தார். அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் நேராகப் போகும், நடுவில் உடையும். இது வளைந்து வளைந்து, ஒரே பருமனாக ஓடியது. மண்ணோடு ஒரு முடி ஒட்டியிருந்து, சூளையில் அது எரிந்துபோய், அதன் தடம் மட்டும் நின்றிருக்கிறது. அவ்வளவு நீளமான முடி எங்கள் ஷெட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. அக்கா போய் அச்சு கட்டுகிற ரப்பர்களை எடுத்துப் பார்த்தார். காலையில் தலையில் கட்டி, வேலைக்கு வந்ததும் அவிழ்த்துப் போட்ட ரப்பரில் முடி கொத்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கி வந்த முடி, பாதியில் அறுந்த முடி, எல்லாம்.

"அச்சு கசியாம கட்டுற ரப்பர எவளாவது தலையில கட்டுவாளா?" என்று அக்கா தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நீ கட்டினியேக்கா" என்றேன். ரப்பர் என் முதுகில் வந்து விழுந்தது.

மறுநாளிலிருந்து பழைய துண்டைக் கிழித்த துணியால் தளர்வாகக் கட்டிக்கொண்டு ஓடினார். வேறு எதையும் மாற்றவில்லை. நெற்றியோரம் அறுந்து நின்ற முடி கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. ஆனால் சீப்பில் வருவது குறையவில்லை. கார்த்திகை முடிந்துவிட்டது. எங்களுக்கே பதற்றமாகிவிட்டது. எண்ணெய், தண்ணீர், ஷாம்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடு என்று ஆளாளுக்குச் சொன்னோம். அக்கா காதில் வாங்கவில்லை. மார்கழி பிறந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாராம். உள்ளே வெளிறிக் கிடந்ததாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு அக்கா டீயிலிருந்து ஆரம்பித்து டீயிலேயே முடித்திருக்கிறார். ஓடுவதால் முடி கொட்டாது, வேர்வையாலும் கொட்டாது என்று டாக்டரம்மா சொன்னார். சாப்பிடாமல் ஓடினால்தான் கொட்டும். உடம்பு பஞ்சத்தில் இருக்கிறது. பஞ்சம் வந்தால் உடம்பு இருதயத்துக்கும் மூச்சுக்கும் முதலில் கொடுக்கும், முடிக்குத்தான் ரேஷனை நிறுத்தும். பட்டினி கிடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அது தலையில் தெரியும். சாப்பிட ஆரம்பித்தாலும் உடனே நிற்காது, அதற்கும் சில மாதம் பிடிக்கும். இதெல்லாம் டாக்டரம்மா சொல்லி அக்கா எனக்குச் சொன்னது.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடவும் சொன்னார்கள். அங்கேயும் அக்கா அக்காவாகத்தான் இருந்திருக்கிறார். முதலில் மாத்திரையை மட்டும் ஆரம்பிக்கிறேன், சாப்பாட்டைப் பிறகு மாற்றுகிறேன், அப்போதுதான் எதனால் நின்றது என்று தெரியும் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ முடி கொட்டுறத நிறுத்த வந்தியா, என்னப் பரீட்ச பண்ண வந்தியா? ரெண்டையும் இன்னிக்கே ஆரம்பி."

"சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து ஒண்ணுன்னு வெச்சிக்கிட்டேன் தம்பி" என்று அக்கா மனசில்லாமல் எங்களிடம் சொன்னார்.

அதிலிருந்து ஓட்டம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ் குடித்தார். ஷெட்டில் வேர்க்கடலை கொறித்தார். மதியம் முருங்கைக்கீரை, முட்டை. இரவு சோறு. பாய் தன் பங்குக்கு டீயோடு ஒரு பேரீச்சம்பழம் வைத்தார். அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்று அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

பொங்கல் வந்தது. சீப்பில் முடி லேசாகக் குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. வாக்குக் கொடுத்தபடி ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று காலையில் அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் தானாகவே வைத்தாராம். அம்மா சீப்பைப் பார்த்தார். பூ தொடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. பெண்ணாடத்தாரைச் சித்திரைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. அம்மா ஏன் மனசு மாறினார் என்று பாய் கடையில் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

மாசியில் கடலூரில் தேர்வு. அம்மாவும் கூடப் போனார். விடியற்காலையில் அவரே அக்காவுக்குத் தலை வாரி, தளர்வாகப் பின்னி, துணியால் கட்டிவிட்டார். அந்த ஓட்டத்தைப் பற்றி நாங்கள் அம்மா வாயால்தான் கேட்டோம். அவர் சொன்னதில் தூரமும் கிடையாது, நேரமும் கிடையாது. "எம்பொண்ணு காலையே நான் பாக்கல. பின்னல் பறந்துச்சி பாரு, அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டி வந்ததாக அக்கா சொன்னார். தேறிவிட்டார். வேலைக்கான உத்தரவு பங்குனியில் வந்தது. அதற்குள் முடி கொட்டுவதும் நின்றுவிட்டது. வகிட்டின் ஓரத்தில் புது முடி குட்டை குட்டையாக முளைத்து, எண்ணெய்க்கும் அடங்காமல் நின்றது.

ஒரு கூடை நிறையப் பூவோடு அம்மா எஸ்டேட்டுக்கு வந்தார். பெண்களுக்கெல்லாம் பூ கொடுத்தார். பாய் வீட்டுக்கும் ஒரு முழம் கொடுத்தனுப்பினார். பிறகு அக்காவிடம், வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் போக வேண்டும், ராஜினாமா பண்ண வேண்டும் என்றார்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது மட்டும் பத்தாது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போல நம் குறையைப் பிராதாக எழுதிக் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் சும்மா இருந்துவிடக் கூடாது. திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்குத்தான் ராஜினாமா என்று பெயர்.

அக்காவின் கையிலிருந்த அச்சு அப்படியே நின்றது.

"எப்பம்மா கட்டுன?"

"மார்கழி மொத வெள்ளிக்கிழமை."

"அந்த வாரந்தானம்மா நான் மாத்திரைய ஆரம்பிச்சேன், சாப்பிட ஆரம்பிச்சேன். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்னு எத்தினி தரம் சொல்லியிருக்கேன்?"

"நான் எங்கடி மாத்துனேன்? கட்டிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

நாங்கள் சிரித்தோம். அக்காவுக்கு உண்மையாகவே வருத்தம். இத்தனை நாள் ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் எது காரணம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. பிறகு, "என்னா கேட்டுக் கட்டுன? இவ ஓட்டம் நிக்கணும்னா?" என்று கேட்டார்.

அம்மா கூடையில் மிச்சமிருந்த பூவை ஒழுங்காக அடுக்கினார். அக்காவைப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"முடி கொட்டுறது நிக்கணும்னு கேட்டேன். நீ ஓடறது நிக்கணும்னு நான் ஏன் கேக்கப் போறேன்? அதனாலதான அவர்கிட்ட போனேன். ஓட்டத்த நிறுத்தறதுன்னா சாமி எதுக்கு, எனக்கே தெரியாதா?"

 அக்கா அச்சைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அம்மா எழுந்து வந்து அந்தப் பின்னலில் பூவை வைத்தார். மெலிந்த பின்னல்தான், பூ சரிந்தது. அம்மா இன்னொரு தரம் வைத்தார். நின்றது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வெள்ளிக்கிழமையே போவலாம். பிராத வாபஸ் வாங்கிடலாம். சாப்பாட்ட நான் மாத்தப் போறதில்ல. அதுக்கப்புறமும் முடி கொட்டலன்னா சாப்பாட்டாலதான்னு தெரிஞ்சிடும்" என்றார்.

"கொட்டிச்சின்னா?" என்றார் டீ கொண்டுவந்திருந்த பாய்.

"திரும்பக் கட்டுவேன்" என்றார் அம்மா.

இப்படியாக இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஒரே கோயிலுக்குப் போனார்கள். அம்மா நன்றி சொல்லப் போனார். அக்கா சோதித்துப் பார்க்கப் போனார். போன இடத்தில் அம்மாவைவிட அக்காதான் அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம், அதையும் அம்மாதான் சொன்னார். அதற்குப் பிறகு முடி கொட்டவில்லை. சாப்பாடுதான் காரணம் என்று நிச்சயமாகிவிட்டது என்றார் அக்கா. வாபஸ் வாங்கினாலும் சாமி கொடுத்ததைத் திருப்பி எடுக்க மாட்டார் என்றார் அம்மா. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். சித்திரையில் பெண்ணாடத்தார் வந்தபோது அக்கா பயிற்சிக்குப் போய்விட்டிருந்தார்.

இப்போது அவர் வேறு ஊர் ஸ்டேஷனில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்தால் எஸ்டேட் பக்கம் எட்டிப் பார்ப்பார். தொப்பியைக் கழற்றி பாய் கடை மேஜையில் வைத்துவிட்டு டீ கேட்பார். ஒரு தடவை எங்கள் வீட்டில் வண்டிச் சாவி காணாமல் போய்விட்டது என்று புலம்பினேன். "போன எடத்தையெல்லாம் ஒரேயடியா கலைக்காத. ஒரு எடத்தத் தேடி முடிச்சிட்டு அடுத்த எடத்துக்குப் போ" என்றார். திருடனையும் அப்படித்தான் பிடிக்கிறாரா என்று கேட்டேன். திருடன் அவ்வளவு நேரம் தரமாட்டான் என்று சொல்லிச் சிரித்தார். இன்றும் காலையில் ஓடுகிறார். பின்னல் பழையபடி இடுப்பைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் என் மகளுக்குச் சொல்லி முடித்துவிட்டு, காலையில் மைதானத்துக்குப் போகும்போது என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். ஆட்டத்துக்கு உடம்பு லேசாக இருக்க வேண்டும் என்று கூட ஆடுகிறவர்கள் சொன்னார்களாம். மதியம் வரைக்கும் ஒன்றும் கிடையாது. டிபன் டப்பாவில் கொண்டுபோகிற இட்லியைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். தினமும் கொஞ்சம் முடி கொட்டுவது எல்லாருக்கும் நடப்பது, அதற்குப் பயப்பட வேண்டாம். விளையாடுங்கள், ஓடுங்கள், வேர்த்தால் தலைக்குக் குளியுங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டாதீர்கள். சாப்பிடாமல் மட்டும் ஓடாதீர்கள். கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பெரியவர்களோடு போய் டாக்டரைப் பாருங்கள். யார் சொன்னாலும் விளையாட்டை முதலில் நிறுத்திவிடாதீர்கள்.

என் மகளிடம், இனிமேல் காலைச் சாப்பாட்டை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடு, வேறு எதையும் மாற்ற வேண்டாம், இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். அவள் சரி என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிடட்டும், வேணாங்கல. நான் நேத்தே மணவாளநல்லூர் போயி கட்டிட்டு வந்துட்டேன்" என்றாள்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். 

"ராஜினாமாவுக்குப் போறப்ப சொல்லு தம்பி. லீவு போட்டுட்டு வரேன். சாட்சிக்கு எங்கம்மாவையும் கூட்டிட்டு வரேன்" என்றார்.